தண்ணீர் எந்தப் பக்கம்?

அத்தியாயம் ஒன்பது

1934ஆம் ஆண்டு மார்ச் மாதம் பதினேழாம் திகதி சனிக்கிழமை, கொழும்பிலிருந்து வந்த சரக்கு ரெயிலிலிருந்து சுன்னாகம் ஸ்டேசனில் ஒன்பது மரப்பெட்டிகள் இறக்கப்பட்டன. அவற்றில் ஐந்து பெட்டிகளில் கற்பலகைகள் இருந்தன. பெட்டிகள் மாட்டுவண்டில்களில் கந்தரோடைக்குக் கொண்டுபோகப்பட்டன.

அன்றிலிருந்து அவை குணலட்சுமியின் வீட்டுத் தலைவாசலை அடைத்துக்கொண்டு கிடந்தன. பால்காரன் வேலியோரமாக நெளிந்து வந்து பால் ஊற்றினான். புள்ளிக்கோழி ஒன்று நடுப்பெட்டியின் வைக்கோலுக்குள் முட்டையிடத் தொடங்கியிருந்தது. அதை எழுப்பவும் வழியில்லை. கையை விட்டால் ஆணி கிழித்தது.

பெட்டிகளுக்குள் இருந்தது பில்லியர்ட்ஸ் மேசை. மலாயா ரெயில்வேயில் இருபத்தாறு வருடம் இன்ஸ்பெக்டராக இருந்து, போன வருடம் பென்சனோடு ஊர் திரும்பிய அருட்பிரகாசம், ஈப்போவில் மூடிவிட்ட ஒரு கிளப்பின் ஏலத்தில் அதை எடுத்திருந்தார். மேசை கப்பலில் வந்துகொண்டிருந்தபோதே, மனைவி குணலட்சுமியின் சீதனக் காணியில், வீட்டோடு ஒட்டி அதற்கு ஒரு பெரிய அறையும் எழுப்பிவிட்டார். அறைக்குச் சுவர் இருந்தது, ஓடு இருந்தது, கண்ணாடி யன்னல் இருந்தது. தரை மட்டும் இல்லை. எந்தத் தரை போடுவது என்று அருட்பிரகாசம் ஒன்றரை மாதமாக யோசித்துக்கொண்டிருந்தார்.

ஆனால் இனி யோசிக்க நேரமில்லை. அந்த வீடு மகள் அருந்ததிக்குச் சீதனமாக எழுதப்பட இருந்தது. மாப்பிள்ளையின் தாய், மானிப்பாய் நல்லம்மா, வருகிற புதன்கிழமை வீடு பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தாள்.

நல்லம்மா வீடு பார்க்கும் விதம் பல ஊர்களிலும் பேச்சாக இருந்தது. கூரையை அண்ணாந்து பார்க்கமாட்டாள். கதவைத் தட்டிப் பார்க்கமாட்டாள். ஒரு செம்பு தண்ணீர் கேட்பாள். வாயில் வைக்கமாட்டாள். ஏதாவது ஓர் அறை வாசலில் நின்று அதைத் தரையில் ஊற்றிவிட்டு, அது எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டு நிற்பாள். சண்டிலிப்பாயில் ஒரு வீட்டில் தண்ணீர் நடு அறையில் தேங்கி நின்றது. மூத்த மகனுக்கு அங்கே பேசிய சம்பந்தம் அதோடு நின்றது.

இது குணலட்சுமிக்குத் தெரியும். புருசனிடமும் சொல்லியிருந்தாள். அவர் சிரித்துவிட்டுத் தேக்குப் பலகையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார்.

வியாழக்கிழமை காலை முதல் பஸ்ஸிலேயே மேசன் இன்னாசித்தம்பி குருநகரிலிருந்து வந்து சேர்ந்தார். சாமான் சாக்கை இறக்கி வைக்கும்போதே சொல்லிவிட்டார்.

"அம்மா, சனிக்கிழமை பின்னேரம் நான் போயிடுவன். ஞாயிறு குருத்தோலை. பிறகு பெரிய கிழமை. உயிர்த்த ஞாயிறு முடியுமட்டும் சாந்தகப்பையைத் தொடமாட்டன்."

"அங்கை உமக்கு அப்பிடி என்ன அவசரம்?"

"பாஸ்கு நாடகத்திலை நான்தான் பிலாத்து. மூண்டு வரியமாய் நான்தான். நான் போகாட்டில் யேசுவுக்கு ஆர் தீர்ப்புச் சொல்லுறது?"

"இஞ்சையும் ஒருக்கால் தீர்ப்புச் சொல்லிப்போட்டுப் போம்," என்றாள் குணலட்சுமி. "உள்ளை போய்ப் பாரும், அவர் நிக்கிற கோலத்தை."

புது அறைக்குள், வெறும் செம்மண்ணில், அருட்பிரகாசம் வெள்ளைக் காலுறை போட்டுக்கொண்டு நின்றார். எதிரே தரை மாதிரிகள் பரப்பியிருந்தன. யாழ்ப்பாணத்து மரக்காலையில் வாங்கிய பர்மாத் தேக்குப் பலகை. இடித்த பழைய சமையலறைக் குந்துத் திண்ணையிலிருந்து பெயர்த்த சிவப்புச் சீமெந்துத் துண்டு. எங்கேயோ இரவல் வாங்கிய பூப்போட்ட தரைக்கல்லும் கிடந்தது. ஒவ்வொன்றிலும் ஏறி நின்று உடம்பை முன்னுக்குச் சாய்த்து, இல்லாத கோலால் இல்லாத பந்தை அடித்துப் பார்த்தார்.

"குணம், இஞ்சை வா. இதைக் கேள்."

யானைத்தந்தப் பந்து ஒன்றை இடுப்பு உயரத்திலிருந்து தேக்கில் போட்டார். டொக்.

"கேட்டியோ?"

"கேட்டன்."

"இனி இதைக் கேள்." பூக்கல்லில் போட்டார். டக். பந்து துள்ளிப் போய்ச் சுவரில் முட்டியது. அவர் பாய்ந்து எடுத்து, வெடிப்பு ஏதும் விழுந்ததா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டும் ஒரு சத்தந்தான்," என்றாள் குணலட்சுமி.

"ஒண்டில்லை. விளையாடேக்கை பந்து மேசையிலை இருந்து விழும். கல்லிலை விழுந்தால் தந்தம் வெடிக்கும். பலகையெண்டால் தாங்கும்."

"ஏன் விழுத்திறியள்? விழுத்தாமல் விளையாடத் தெரியாதோ?"

அவர் அவளை ஒருமுறை பார்த்துவிட்டுப் பந்தைத் துடைத்தார். விளையாட்டுத் தெரியாதவர்களோடு கதைத்துப் பயனில்லை என்ற முகம் அது. ஒன்றரை மாதமாக அந்த முகத்துக்குத்தான் அவள் சோறு போட்டுக்கொண்டிருந்தாள்.

அவளுடைய தமையன் மார்க்கண்டு அந்த நேரம் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். இந்தச் சம்பந்தத்தைப் பேசிக்கொண்டு வந்தவர் அவர்தான். அதனால் தரையிலும் தனக்கு ஒரு பங்கு உண்டு என்று நினைத்தார்.

"மச்சான், பலகைத் தரையெண்டால் கீழை வெறுமையாய் விடவேணும். வெறுமையிலை ஆர் குடியிருப்பினம்? முதல் கறையான். பிறகு எலி. எலி வந்தால் அதைத் தேடி ஒருத்தர் வருவார். காலமை வெறும் வயித்திலை நான் அவரின்ரை பேர் சொல்லமாட்டன்."

"கிளப்பிலை பலகைத் தரைதான்."

"ஈப்போவிலை அவர் இல்லையோ?"

"பாம்போ? இருந்தது, மச்சான். மெம்பராய்ச் சேர்க்கேல்லை."

வாசலில் நின்ற அருந்ததி வாயைப் பொத்திக்கொண்டாள். குணலட்சுமி சிரிக்கவில்லை. முற்றத்து மாமரத்தின் கீழ் இன்னாசித்தம்பி வெற்றிலைச் சரையை அவிழ்ப்பதை யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றாள். வெற்றிலைச் சரையை அவிழ்த்த மேசன் அரை நாளைக்கு எழும்பமாட்டான்.

மார்க்கண்டு பந்தை வாங்கி வெறும் மண்ணில் போட்டார். தொப். அது துள்ளவும் இல்லை, உருளவும் இல்லை. விழுந்த இடத்திலேயே இருந்தது.

"பாத்தியளோ? எல்லாத்திலும் திறம் இதுதான். சத்தமில்லை, வெடிக்காது, காலுக்குக் குளிர்ச்சி. கிழமைக்கு ஒருக்கால் சாணம் போட்டு மெழுகிவிட்டால் விசயம் முடிஞ்சுது."

அவர் பகிடிக்குச் சொன்னார். குணலட்சுமி புருசனின் முகத்தைப் பார்த்தாள். மனிதர் உண்மையாகவே யோசித்துக்கொண்டிருந்தார்.

அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"இஞ்சாருங்கோ," என்றாள். "மேசன் வந்து நிக்கிறான். சனிக்கிழமை போயிடுவான். புதன்கிழமை நல்லம்மா வாறா. மண்தரையிலை அவவுக்குக் கதிரை போடப்போறியளோ? வீட்டிலை மற்ற எல்லா அறையும் சிவப்புச் சீமெந்து. இதுக்கும் அதைப் போடுவிக்கப் போறியளோ, இல்லாட்டில் நான் அவனைத் திருப்பி அனுப்பட்டோ?"

அருட்பிரகாசம் காலுறையைக் கழற்றினார். அது சம்மதத்தின் தொடக்கம் என்று அவளுக்குத் தெரியும்.

"சரி. சீமெந்து. மேசையைச் சுத்தித் தும்புப்பாய் விரிக்கலாம், பந்து விழுந்தாலும் பிழையில்லை. ஆனால் ஒண்டு." அவர் முற்றத்துக்குப் போய் இன்னாசித்தம்பிக்கு முன்னால் நின்றார். "தரை மட்டமாய் இருக்கவேணும். கண்டீரோ? ஒரு நூல் ஏறவும் கூடாது, ஒரு நூல் இறங்கவும் கூடாது."

"மட்டமாய்த்தான் ஐயா," என்றார் இன்னாசித்தம்பி.

அருட்பிரகாசம் வண்டில் பிடித்துக்கொண்டு சீமெந்தும் சிவப்புச் சாயத்தூளும் வாங்கச் சுன்னாகத்துக்குப் போனார். மார்க்கண்டு, வந்த காரியம் முடிந்தது என்று மானிப்பாய்ப் பக்கம் போனார். வீடு கொஞ்சம் அமைதியாயிற்று.

மத்தியானம் குணலட்சுமி சோற்றுப் பானையைச் சரித்துக் கஞ்சி வடித்துக்கொண்டிருந்தபோது, இன்னாசித்தம்பி நூல்கட்டையோடு சமையலறை வாசலுக்கு வந்தார்.

"தண்ணி எந்தப் பக்கம் போகவேணும், அம்மா?"

"வாழைப் பக்கம்," என்றாள் அவள், திரும்பிப் பாராமல்.

யாழ்ப்பாணத்தில் எந்த மேசனும் இந்தக் கேள்வியை வீட்டுக்காரரிடம் கேட்பதில்லை. தரையைக் கழுவுகிறவளிடம்தான் கேட்பான். வெள்ளிக்கிழமை காலையில் வாளியும் விளக்குமாறுமாக நிற்கப்போகிறவள் அவள். தண்ணீர் எந்த மூலைக்கு ஓட வேண்டும், எந்தச் சுவரில் ஓட்டை விட வேண்டும் என்று அவள் கையைக் காட்டுவாள். மேசன் அந்தப் பக்கத்துக்குச் சரிவு கொடுப்பான். அந்தச் சரிவுக்கு வாட்டம் என்று பெயர். வாட்டம் இல்லாத தரையை இன்னாசித்தம்பி வாழ்நாளில் போட்டதில்லை. ஐயா சொன்ன 'மட்டம்' மேடுபள்ளம் இல்லாத தரை என்றே அவர் விளங்கிக்கொண்டார். வேறு விதமாக விளங்கிக்கொள்ள அவருக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை.

குணலட்சுமியும் அப்படித்தான். அருட்பிரகாசம் மலாயாவில் இருந்த காலத்தில் இந்த வீட்டில் விறாந்தை போட்டபோதும், சமையலறை மாற்றியபோதும், கிணற்றடி கட்டியபோதும் வந்த மேசன்மார் எல்லாரும் அதே கேள்வியைக் கேட்டார்கள். அவள் அதே பதிலைச் சொன்னாள். பானையை நிமிர்த்தி வைத்த பிறகுதான் எந்த அறைக்குப் பதில் சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது.

கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். கைத்துணியைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் நின்றாள். கூப்பிடவில்லை.

பின்னேரம் அருட்பிரகாசம் சட்டையெல்லாம் சிவப்புத் தூளோடு வந்து இறங்கினார். நேரே அறைக்குள் போனார். சுவருக்குச் சுவர் நூல் கட்டியிருந்தது. வாழைப் பக்க மூலையில், சுவரின் அடியில், கை நுழையக்கூடிய அளவுக்கு ஓர் ஓட்டை புதிதாக உடைத்திருந்தது. அதற்குள்ளால் வாழைக்கன்று ஒன்று தெரிந்தது.

அவர் ஈப்போவிலிருந்து கொண்டுவந்த பித்தளை கட்டிய மட்டக்கோலை எடுத்து, ஒரு பலகையை நூலோடு ஒட்டப் பிடித்து அதன் மேல் வைத்தார். கண்ணாடிக் குழாய்க்குள் இருந்த நீர்க்குமிழி மெதுவாக நகர்ந்து மறுகரையில் போய் ஒட்டிக்கொண்டது.

"இன்னாசித்தம்பி! இதென்ன?"

"வாட்டம் ஐயா."

"ஆர் உம்மட்டை வாட்டம் கேட்டது?"

இன்னாசித்தம்பி சமையலறைப் பக்கம் பார்த்தார். "அம்மாட்டைக் கேட்டனான். வாழைப் பக்கம் எண்டவ."

"குணம்!"

அவள் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். சண்டை வரும் என்று மத்தியானமே தெரியும். தெரிந்தும் ஒரு வசனமாவது யோசித்து வைக்கவில்லை என்பது அவளுக்கே எரிச்சலாக இருந்தது.

"நீயோ சொன்னனி?"

"ஓம்."

"நான் மட்டமெண்டு சொன்னது உனக்குத் தெரியாதோ?"

"தெரியும்."

"பிறகு?"

நல்லம்மாவின் செம்பைச் சாட்டியிருக்கலாம். அது சுலபமாக இருந்திருக்கும். ஆனால் பானையடியில் நின்றபோது நல்லம்மாவின் நினைவே அவளுக்கு வரவில்லை.

"அவன் கேட்டான், நான் பழக்கத்திலை சொல்லிப்போட்டன்," என்றாள். "சொன்ன பிறகு யோசிச்சுப் பாத்தன். சொன்னது சரிதான். கழுவேலாத அறை ஒரு வீட்டிலை இருக்கேலாது. நாளைக்கு அருந்ததி இதிலைதான் பிள்ளை பெறுவாள். பிள்ளை பெத்த அறையைக் கழுவாமல் விடுறதோ? ஒரு துடக்குத் தீட்டுக் கழிஞ்சால் தண்ணி ஊத்தாமல் விடுறதோ?"

"இது பிள்ளை பெறுற அறையில்லை. இது பில்லியர்ட்ஸ் அறை."

"நீங்கள் சொன்னால் சரியோ? வீட்டோடை ஒட்டிக் கட்டினால் அது வீடு."

அருட்பிரகாசம் மட்டக்கோலைக் கீழே வைத்தார். குரல் உயரவில்லை, இறங்கியது.

"ஓம், வீடுதான். உன்ரை வீடு. நாளைக்கு அருந்ததியின்ரை வீடு. அதுதான் முறை, நான் குறை சொல்லேல்லை. இருபத்தாறு வரியம் கவண்மேந்துக் குவார்ட்டர்ஸிலை இருந்தன். அதுவும் என்ரை இல்லை. பின்னேரம் ஐஞ்சு மணிக்கு அந்த மேசையைச் சுத்தி நிக்கேக்கை மட்டும் எனக்கு எங்கை நிக்கிறதெண்டு தெரியும். இஞ்சை வந்து ஒரு வரியமாய், பின்னேரம் ஐஞ்சு மணிக்கு எங்கை நிக்கிறதெண்டு தெரியாமல் கிணத்தடிக்கும் தலைவாசலுக்கும் நடக்கிறன்."

அது உண்மை. அவர் நடப்பதை அவள் தினமும் பார்த்திருக்கிறாள். முற்றம் கூட்டும்போது இடைஞ்சலாக நிற்கிறார் என்று வைதும் இருக்கிறாள்.

"நீங்கள் அங்கை பந்தடிக்கேக்கை," என்றாள், "நான் இஞ்சை வாற மேசன்மாருக்கெல்லாம் வாழைப் பக்கத்தைக் காட்டிக்கொண்டு நிண்டனான்."

இருவருமே இன்னாசித்தம்பியைப் பார்த்தார்கள்.

"என்னைப் பாக்காதேங்கோ," என்றார் அவர். "இந்தக் கிழமை நான் பிலாத்து, கை கழுவுற ஆள்."

வாசலில் நின்ற அருந்ததி உள்ளே வந்தாள். இருபத்துநாலு வயது. அவளைப் பற்றித்தான் எல்லாப் பேச்சும் நடந்தது. அவளிடம்தான் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

"ஐயா, மட்டம் மேசைக்கு வேணுமோ, உங்களுக்கு வேணுமோ?"

"மேசைக்குத்தான், பிள்ளை."

"மேசைக்கு எத்தினை கால்?"

"எட்டு."

"அப்ப எட்டுக் காலுக்கும் எட்டுச் சீமெந்துக் கட்டையை மட்டமாய்க் கட்டட்டும். மிச்சத் தரை அம்மா சொன்ன மாதிரி ஓடட்டும்."

"விளையாடுறவன் நிக்கிற இடம்?"

"ஓடுற ரெயிலிலை நிண்டு டிக்கெட் பாத்த கால்தானே? இந்தச் சரிவிலை விழுந்துபோடுமோ?" அவள் குரல் சலித்திருந்தது. "எனக்கு இது மூண்டாம் சம்பந்தம். ஒண்டு சாதகத்திலை நிண்டது. ஒண்டு ஏன் நிண்டதெண்டு இண்டைக்கும் தெரியாது. மூண்டாவது தரையிலை நிண்டதெண்டு ஊர் சிரிக்க வையாதேங்கோ."

அருட்பிரகாசம் குந்தியிருந்து மண்ணில் விரலால் எட்டுப் புள்ளி குத்தினார். எழும்பி நின்று பார்த்தார். மறுபடி குந்தி ஒரு புள்ளியை அழித்து அரை விரற்கடை தள்ளிக் குத்தினார்.

"நடக்கும்," என்றார்.

கட்டை கட்டினால் அந்த அறையில் ஒரு கட்டில் போட முடியாது என்பது குணலட்சுமிக்குத் தெரிந்தது. சொல்லவில்லை. அன்றைக்கு ஒரு மனிதரால் கதைக்கக்கூடியதெல்லாம் கதைத்தாயிற்று.

விளக்கு வைக்கும் நேரம் மார்க்கண்டு வேகமாக வந்தார்.

"தங்கச்சி, நல்லம்மா புதன்கிழமை இல்லை. மாப்பிள்ளைப் பொடியன் செவ்வாய்க்கிழமை வேலைக்குத் திரும்பவேணுமாம். ஞாயிற்றுக்கிழமை காலமை வாறாவாம்."

"ஞாயிறோ? தரை நாளைக்குத்தானே போடுறம்!"

"காய்ஞ்சிடும். மேசையைப் பொருத்திப் பூட்டி வைச்சியளெண்டால் பாக்கிறதுக்கும் வடிவாய் இருக்கும்."

"மேசை பூட்ட கொழும்பிலை இருந்து ஆள் வரவேணும், அண்ணை. சித்திரையிலைதான் வருவான்."

"அப்ப ஞாயிற்றுக்கிழமை அறைக்குள்ளை என்ன இருக்கும்?"

"எட்டுக் கட்டை," என்றாள் அருந்ததி.

மார்க்கண்டு விசயத்தைக் கேட்டறிந்தார். பிறகு தலையில் கை வைத்தார். "நடு அறைக்குள்ளை எட்டுக் கட்டையோ? என்னெண்டு சொல்லுறது? கலியாணத்துக்குக் கிடாரம் ஏத்திற அடுப்பெண்டு சொல்லட்டோ?"

அருட்பிரகாசம் தொண்டையைச் செருமினார். "குணம், வேணுமெண்டால் கட்டையை விடுவம். மேசை பெட்டிக்குள்ளையே கிடக்கட்டும். கலியாணம் முடிஞ்ச பிறகு பாப்பம்."

ஒன்றரை மாதமாக அவள் கேட்க ஆசைப்பட்ட வசனம் அது. இப்போது அதைச் சொல்கிறார். மேசன் சாக்கைக் கட்டிவிட்டுச் சாப்பிட இருந்த பிறகு, எட்டுப் புள்ளியும் குத்திய பிறகு.

"வாயை மூடிக்கொண்டு இருங்கோ," என்றாள். "கட்டச் சொல்லியாச்சு. கட்டட்டும்."

வெள்ளிக்கிழமை தரை போடப்பட்டது. சரிவு வாழைப் பக்கம். எட்டுக் கட்டைகளும் மட்டமாகக் கட்டப்பட்டன. அருட்பிரகாசம் ஒவ்வொன்றின் மேலும் மட்டக்கோலை வைத்துப் பார்த்தார். சனிக்கிழமை பின்னேர பஸ்ஸில் இன்னாசித்தம்பி குருநகருக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை நல்லம்மா வண்டிலில் வந்து இறங்கினாள். தலைவாசலில் பெட்டிகளைச் சுற்றிக்கொண்டு வந்தாள். வீட்டைப் பார்த்தாள். புது அறை வாசலில் நின்று எட்டுக் கட்டைகளையும் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஒரு செம்பு தண்ணீர் கேட்டாள்.

அருந்ததி கொண்டுவந்து கொடுத்தாள். நல்லம்மா அதை வாசலில் ஊற்றினாள். தண்ணீர் கட்டைகளைச் சுற்றிக்கொண்டு ஓடி, மூலையில் இருந்த ஓட்டையால் வெளியே போனது.

"இந்த அறையும் சீதனத்துக்குள்ளையோ?" என்று நல்லம்மா கேட்டாள்.

அருட்பிரகாசம் "ஓம்" என்றார். அதே நேரத்தில் குணலட்சுமி "இல்லை, இது இவர் நிக்கிற இடம்" என்றாள்.